துவக்கை மறுத்தவர்க்குத் தஞ்சம்

போருக்குத் தப்பி வருவோர் அனைவரையும் ஒரே வகையினராக எண்ணுவது உலக வழக்கம். குண்டுவீச்சுக்கும் ஷெல்லடிக்கும் அஞ்சி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடியவர் என்பதே அகதி என்றவுடன் மனத்தில் எழும் உருவம். அது பொய்யன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. தம்மை நோக்கி நீட்டப்பட்ட துவக்குக்கு அஞ்சி ஓடியவரோடு, தம் கையில் திணிக்கப்படவிருந்த துவக்கை ஏற்க மறுத்து ஓடியவரும் ஒவ்வொரு போரிலும் இருந்திருக்கின்றனர். படைத்திரட்டலைத் தவிர்க்கத் தஞ்சம் கோருவோர் என்று இவர்களைச் சட்ட நூல்கள் வகைப்படுத்துகின்றன. படைத்திரட்டல் என்பது, ஓர் அரசோ, அரசைப் போல் நடந்துகொள்ளும் ஓர் ஆயுத இயக்கமோ, தன் ஆட்சிக்குட்பட்ட மக்களை அவர்தம் விருப்பத்தைக் கேளாமல் போர்ப்பணிக்குள் கொண்டுவருவதைக் குறிக்கும்.

இப்பொருள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அயலானதன்று. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்பாக, சிப்காட் தொழில் வளாகத்தின் உருக்காலைகளும் உருட்டாலைகளும் இயங்கும் கும்மிடிப்பூண்டியில், மாநிலத்தின் பெரிய ஈழத் தமிழர் முகாம்களுள் ஒன்று அமைந்திருக்கிறது. சென்னைக்கு இன்னும் அருகில் புழல் காவாங்கரையில் மற்றொன்று உண்டு. 1990-இல் எழுந்த இரண்டாவது அகதி அலையில் வந்தோருக்காகக் கும்மிடிப்பூண்டி முகாம் அமைக்கப்பட்டபோது திருவள்ளூர் என்றொரு மாவட்டமே இல்லை, செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் 1997-இல் பிரிக்கப்பட்ட பின்னரே அது தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தைவிட முகாமுக்கு வயது கூடுதல் என்பதை மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் ஏனோ குறிப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இம்முகாம்களின் பெயரிலிருந்து அகதி என்பதை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறிய பின்னும் சட்டநிலை மாறவில்லை என்பதே இவ்வுரையின் தொடக்கப் புள்ளியாகிறது. தமிழ்நாடு இம்மக்களுக்குத் தஞ்சம் அளித்தது உண்மை. எனினும் அத்தஞ்சம், ஒருவர் எதற்காக ஓடிவந்தார் என்பதை அடிப்படையாகக் கொண்டு அளிக்கப்படவில்லை, எந்த நாளில் வந்து பதிவு செய்துகொண்டார் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. ஆயுதத்தை மறுத்து வந்தவருக்கு இவ்வேறுபாடு பெருங்கேடாய் முடிந்திருக்கிறது.

பன்னாட்டுச் சட்டம் இவரை எவ்வாறு நோக்குகிறது என்பதை முதலில் காணலாம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் அதன் காலவரம்பையும் இடவரம்பையும் நீக்கிய 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையும், இனம், சமயம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து என்னும் ஐந்து காரணங்களுள் ஒன்றால் கொடுமைக்கு ஆளாகக்கூடும் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சுபவரையே அகதி என்கின்றன. படைப்பணிக்கு அஞ்சி ஓடியவர் இவ்வைந்தில் நேரடியாக இடம்பெறவில்லை. குடிமகனைப் படைக்கு அழைப்பது அரசின் உரிமை என்று எல்லா அரசுகளும் கருதிய காலத்தில், அவ்வரசுகளே கூடி எழுதிய ஆவணம் அது என்பதை நினைவிற்கொண்டால் இவ்விடைவெளி வியப்பளிக்காது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1979-இல் வெளியிட்ட கையேடுதான் படையைவிட்டு ஓடியோரையும் படைக்கு அழைக்கப்பட்டு வராதோரையும் பற்றித் தனியே பேசியது. போருக்கு அஞ்சுவதோ படைவாழ்வை வெறுப்பதோ மட்டும் ஒருவரை அகதியாக்காது என்று பொதுவிதி கூறிய அக்கையேடு, மூன்று வாயில்களை மட்டும் திறந்து வைத்தது. மறுப்புக்கான தண்டனை ஒருவருடைய இனத்தாலோ அரசியல் கருத்தாலோ அளவுக்கு மீறிக் கடுமையாகும்போது அவர் அகதியாகலாம். சமயமோ மனச்சான்றோ ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும்போதும் ஆகலாம். அப்படை ஈடுபட்டிருக்கும் நடவடிக்கையை மானுட ஒழுக்கத்தின் அடிப்படை விதிகளுக்கே மாறானது என உலக நாடுகள் கண்டித்திருக்கும்போது, அதில் பங்குகொள்ள மறுப்பவரும் ஆகலாம்.

இவ்வாயில்கள் எவ்வளவு குறுகலானவை என்பதைத் தீர்ப்புகள் காட்டும். துருக்கியின் படைப்பணியை மறுத்த குர்து இளைஞர் இருவரின் வழக்கில், மனச்சான்றின்படி படைப்பணியை மறுப்பது நிலைபெற்ற உரிமையாகப் பன்னாட்டுச் சட்டத்தில் இன்னும் ஏற்கப்படவில்லை என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை 2003-இல் கூறித் தஞ்சத்தை மறுத்தது. எட்டாண்டுகள் கழித்து, ஆர்மீனியாவைச் சேர்ந்த யெகோவா சாட்சியர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்றது. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், சிரியாவின் உள்நாட்டுப் போரில் படைப்பணியை மறுப்பவருடைய மறுப்பு உடன்படிக்கையின் காரணங்களுள் ஒன்றோடு தொடர்புடையது என்று வலுவாகக் கருத இடமுண்டு என்றது. பதினெட்டு மாதம் என்று சட்டத்தில் எழுதப்பட்ட தேசியப் பணி முடிவேயின்றி நீளும் எரித்ரியாவிலிருந்தும், 2022 செப்டம்பர் 21 அன்று பகுதிப் படைத்திரட்டல் அறிவிக்கப்பட்ட ரஷ்யாவிலிருந்தும் வெளியேறியோரின் விண்ணப்பங்களும் இதே அளவுகோல்களால்தான் அளக்கப்படுகின்றன. ஒரு நாட்டில் ஏற்கப்படும் விண்ணப்பம் அண்டை நாட்டில் தள்ளப்படுவதும் இயல்பாகிவிட்டது.

இத்தீர்ப்புகள் யாவும் படைக்கு அழைப்பது ஓர் அரசு என்னும் எடுகோளில் நிற்கின்றன. ஈழத் தமிழரின் நிலை இதனின்றும் வேறானது. இலங்கை அரசு முப்பதாண்டுப் போரின்போதும் தன் குடிமக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கவில்லை. சம்பளத்துக்காகச் சேர்ந்த சிற்றூர்ச் சிங்கள இளைஞர்களைக் கொண்டே அது போரிட்டது. அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் படையைவிட்டு ஓடியதும், அவர்களுக்கு அரசு அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவித்ததும் தனிக்கதை. கட்டாயப் படைத்திரட்டல் நிகழ்ந்தது தமிழர் தரப்பிலேயே; அதுவும் தமிழர் பிள்ளைகளின் மீதே. தமிழ்நாட்டு மேடைகள் இச்செய்தியைத் தொடத் தயங்குகின்றன. தயக்கத்தின் காரணம் விளங்கக்கூடியதே. ஆனால் அத்தயக்கத்தின் விலையை முகாமில் இருப்பவரே கொடுத்துவருகிறார்.

கட்டாயத்தின் முதற்பெரும் அலை இந்தியாவின் கண்முன் நடந்தது. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்பாட்டின் வழியே அமைந்த வடகிழக்கு மாகாண சபையை ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியைச் சேர்ந்த வரதராஜப் பெருமாள் முதலமைச்சராக நடத்திவந்தார். அவ்வுடன்பாட்டின்படி இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதிப்படை வெளியேறப் போவது உறுதியானதும், அதற்குப்பின் விடுதலைப் புலிகளை எதிர்கொள்ள ஒரு படை தேவை என்று கருதி, 1989-இன் பிற்பகுதியில் தமிழ்த் தேசிய இராணுவம் என்னும் பெயரில் இளைஞர் திரட்டப்பட்டனர். தெருவில் நடந்தவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவரும் டியூசன் முடித்து வந்த மாணவரும் பிடித்துச் செல்லப்பட்டுச் சில வாரப் பயிற்சியோடு காவல்நிலைகளில் நிறுத்தப்பட்டனர். அமைதிப்படை பின்வாங்கிய ஊர்தோறும் புலிகள் அந்நிலைகளைத் தாக்கினர். பயிற்சியும் இல்லாமல் போரிடும் விருப்பமும் இல்லாமல் நின்ற பிள்ளைகள் கொல்லப்பட்டனர், சரணடைந்தனர், ஓடினர். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறியபோது அப்படையும் இல்லாமற்போயிற்று. தஞ்சம் அளிக்கும் நாடே, தஞ்சம் தேடவைத்த படைத்திரட்டலுக்குப் பக்கத்துணையாகவும் இருந்த இந்நிகழ்வை அகதிச் சட்டம் பற்றிய இந்திய நூல்களில் காண்பது அரிது.

அதன்பின் வந்தது விடுதலைப் புலிகளின் காலம். அவ்வியக்கத்தில் விரும்பிச் சேர்ந்தோரின் தொகை பெரிது. 1983-இன் கறுப்பு ஜூலை வன்முறையையும் இராணுவத்தின் கொடுமைகளையும் கண்டபின் துவக்கைத் தேடிச் சென்ற ஒரு தலைமுறையே உண்டு. அவர்களின் முடிவைச் சிறுமைப்படுத்துவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் விருப்பம் வற்றிய இடத்தில் வற்புறுத்தல் தொடங்கியது. 1990-களிலேயே புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேற அவர்களுடைய பாஸ் வேண்டியிருந்தது. இளவயதினருக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னும் சிறுவரைச் சேர்ப்பது நிற்கவில்லை. அந்நாள் முதல் 2004 அக்டோபர் வரை யுனிசெஃப் பதிவுசெய்த புதிய சிறார் சேர்ப்புகள் 3,516. அதே 2004 மார்ச்சில் கிழக்கில் புலிகளிடமிருந்து பிரிந்துபோன தளபதி கருணாவின் அணியும் பின்னர் மட்டக்களப்பில் பிள்ளைகளைப் பிடித்தது; அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில், அரச படையினர் கண்டும் காணாதிருக்க அது நடந்தது. ஒரு தாய்க்கு இரு தரப்பும் பிள்ளைபிடிகாரராயின.

போரின் இறுதிக் கட்டத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்பது விதியாயிற்று; 2008-இல் அது ஒருவரோடும் நிற்கவில்லை. இயக்கம் தன் நிர்வாகத்தில் வைத்திருந்த குடும்பப் பதிவுகள், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எவருக்கு எத்தனை வயது என்பதைக் காட்டின. நிவாரணம் பெறுவதற்கு உதவும் பதிவே ஆள்பிடிக்கவும் உதவியது. பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழிகளிலும் காட்டிலும் ஒளித்துவைத்தனர். மணமானவரைப் பிடிப்பதில்லை என்ற வழக்கத்தை நம்பிப் பதினாறு பதினேழு வயதுப் பெண்களுக்கு அவசரக் கல்யாணம் செய்துவைத்தனர். பின்னர் அந்த வழக்கமும் கைவிடப்பட்டது. ஒளிந்த பிள்ளைக்கு ஈடாகத் தந்தையோ தமக்கையோ கொண்டுசெல்லப்பட்டதும் உண்டு. கொழும்புக்கோ வவுனியாவுக்கோ மருத்துவத்துக்காகச் செல்ல வேண்டியவர், திரும்பி வருவதற்குப் பிணையாக வீட்டிலொருவரை விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. கடைசி மாதங்களில் பதினான்கு வயதுப் பிள்ளைகளும் களத்துக்கு அனுப்பப்பட்டதை ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் பதிவு செய்தது. அதே அறிக்கை, இலங்கை அரசு பொதுமக்கள் செறிந்திருந்த பகுதிகள் மீது நடத்திய எறிகணை வீச்சையும் விரிவாகப் பதிவு செய்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்போர் இரு பக்கமும் உளர்.

இத்தகைய ஒரு வீட்டின் மகன் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி, இராமேசுவரத்துக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இரவில் இறக்கிவிடப்பட்டு, விடிந்தபின் மீனவராலோ கடலோரக் காவற்படையாலோ கரைசேர்க்கப்பட்டு மண்டபம் முகாமுக்கு வருகிறான் என்று கொள்ளலாம். அவன் சட்டப்படி யார்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையொத்த வினாவுக்கு 1992 ஜனவரியில் விடையளித்தது. குவாத்தமாலாவில் பதினெட்டு வயது ஏலியாஸ் சக்கரியாஸின் வீட்டுக்கு 1987-இல் முகத்தை மறைத்த கெரில்லாக்கள் இருவர் துப்பாக்கியோடு வந்து தங்கள் படையில் சேரச் சொன்னார்கள். அவன் மறுத்தபோது, யோசித்துவை, மறுபடி வருவோம் என்று சொல்லிச் சென்றார்கள். அவன் நாட்டைவிட்டு ஓடினான். ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு அவனுக்குத் தஞ்சம் மறுத்தது. சேர மறுப்பது அரசியல் கருத்தாகிவிடாது என்றும், மறுப்பவர் உயிரச்சத்தாலோ குடும்பத்தை விட்டுப் பிரிய மனமின்றியோ மறுக்கலாம் என்றும், கெரில்லாக்களின் அரசியல் முக்கியமன்று, பாதிக்கப்பட்டவனின் அரசியல் கருத்தே அவனைத் துன்புறுத்தக் காரணமாயிருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. மூவர் மாறுபட்டனர்.

தருக்க அழகுள்ள தீர்ப்புதான். வாழ்க்கையைக் காணாத அழகு அது. இரு படைகளுக்கிடையே சிக்கிய சிற்றூரில் எந்தப் பக்கமும் சேராதிருப்பதே அபாயகரமான அரசியல் நிலைப்பாடு. வன்னியில் மறுத்தவர் துரோகி என்றே பெயர் பெற்றார். அப்பெயர் அரசியல் தீர்ப்பன்றி வேறென்ன? ஐ.நா. அகதிகள் ஆணையம் 2013-இல் வெளியிட்ட பத்தாவது வழிகாட்டு நெறி இவ்விடத்தில் தெளிவான கோட்டை வரைகிறது. குடிமக்களைப் படைக்கு அழைக்கும் அதிகாரம் அரசுகளுக்கு மட்டுமே உண்டு. அரசல்லாத ஆயுதக் குழு ஒருவரைக் கட்டாயமாகச் சேர்ப்பது எந்நிலையிலும் சட்டத்துக்கு உட்பட்டதாகாது. இதனின்று ஒரு முடிவு கிடைக்கிறது. அரசின் படையை மறுப்பவர் தம் மனச்சான்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். இயக்கத்தின் படையை மறுப்பவருக்கு அச்சுமையே இல்லை. அவரைக் கேட்க வேண்டியது இரண்டே: பிடிக்க வந்தார்களா, திரும்பிப் போனால் என்ன நேரும். அவர் காந்தியவாதியா, குண்டுக்கு அஞ்சியவரா, அம்மாவை விட்டுப் பிரிய மனமில்லாதவரா என்பது தேவையற்ற விசாரணை.

இந்தியாவில் இவ்வினாக்களை எழுப்பவே இடமில்லை. இந்தியா 1951-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தஞ்சம் பற்றிய தனிச்சட்டமும் இயற்றவில்லை. அகதியும் விசா முடிந்து தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்தின் முன் 2025 வரை ஒருவராகவே இருந்தனர். இக்குறையை நீதிமன்றங்கள் ஓரளவு ஈடுசெய்தன. கொடுமை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் கோட்பாடு, அதாவது திருப்பியனுப்பாமை, அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு எல்லா மனிதருக்கும் அளிக்கும் உயிருரிமைக்குள் அடங்கும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 1998-இல் கூறியது. அதற்கு முன்பே, ராஜீவ் காந்தி கொலைக்குப்பின் 1992-இல் ஈழத் தமிழரைத் திருப்பி அனுப்பும் பணி விரைந்து நடந்தபோது, பழ. நெடுமாறனும் ச. இராமதாசும் தொடுத்த வழக்கும் எழுந்த எதிர்ப்பும், ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் அமைத்து, திரும்புவோர் விரும்பித்தான் திரும்புகின்றனரா என்று உசாவும் ஏற்பாட்டுக்கு இடமளித்தன. ஆயினும் இவை யாவும் திரும்பிப் போவதைப் பற்றியவை. வந்ததன் காரணத்தை ஆராய்ந்து ஒருவரை இன்னார் என்று அறிவிக்கும் முறை ஈழத் தமிழர் திறத்தில் ஏற்படவே இல்லை.

காரணம் கேட்கப்படாத இடத்தில் ஐயம் குடிபுகுந்தது. அந்த ஐயம் ஆதாரமற்றதென்று சொல்லிவிட முடியாது. 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 மே 21 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதம் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. அரசு ஆயுததாரிகளைத் தேடியதில் தவறில்லை. ஆனால் அதே இரு கொலைகளை, இயக்கத்துக்குத் தப்பி வந்தவனின் இடத்தில் நின்று பார்க்க எவரும் முயலவில்லை. அவனுக்கு அவை, தன்னைத் தேடுவோர் கடலைத் தாண்டியும் வரக்கூடும் என்பதற்கான சான்று. மண்டபத்தில் கியூ பிரிவுக் காவலரின் விசாரணையில், இயக்கத்தில் இருந்தாயா என்பதே முதன்மைக் கேள்வி. கட்டாயப் பயிற்சியில் சில வாரம் இருந்து தப்பியவன் உண்மையைச் சொன்னால் சிறப்பு முகாம் என்று பெயர்பெற்ற அடைப்பிடத்துக்குச் செல்ல நேரிடும். அங்கே வழக்கு முடிந்தும் தண்டனை கழிந்தும் வெளியேற நாள் குறிக்கப்படாதோர் இருந்துள்ளனர். மறைத்தால், பின்னொருநாள் அது வெளிப்படும்போது பொய்யன் ஆவான். ஆகவே, துவக்கைப் பிடித்தவரும் அதை மறுத்தவரும் ஒரே கோப்பில் ஒரே ஐயத்தின் கீழ் சேர்ந்தனர். இலங்கைப் படையும் அவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதால், மறுத்தவனுக்குப் பாக்குநீரிணையின் இரு கரையிலும் கிடைத்தது ஒரே பெயர்தான்.

கும்மிடிப்பூண்டியில் இதன் அன்றாட வடிவத்தைக் காணலாம். முகாம் வருவாய்த் துறையின் பொறுப்பில் உள்ளது, கண்காணிப்பு காவல்துறையினுடையது. முகாமினர் செக்கிங் என்றழைக்கும் ஆளெடுப்பு நாளில் குடும்பத்தார் நேரில் வந்து அதிகாரியின் முன் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். அன்று வராதவரின் உதவித்தொகை நிற்கும், பதிவே நீங்கவும் கூடும். வெளியூரில் பெயின்ட் அடிக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவர் அந்த நாளுக்காக வேலையை விட்டு ரயிலேறுகிறார். மாத உதவித்தொகை 2021-இல் உயர்த்தப்பட்டு, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பிற பெரியவருக்கு 1,000 ரூபாய், சிறுவருக்கு 500 ரூபாய் ஆயிற்று. அரிசி உண்டு, பள்ளி உண்டு, கல்லூரிக்கு உதவியும் உண்டு. மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் பழைய குடில்களுக்கு மாற்றாக வீடுகளையும் கட்டத் தொடங்கியது. சா.செ. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வித் துறையில் ஆற்றிய பணி தனி நூலுக்குரியது. ஆனால் முகாமில் பிறந்து பொறியியல் படித்த இளைஞனுக்குக் கடவுச்சீட்டு இல்லை, அரசுப் பணிக்குத் தகுதி இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேற்று வந்திறங்கிய தொழிலாளி சிப்காட்டில் காட்டும் அடையாளச் சான்றுகளுள் குடியுரிமையைக் காட்டக்கூடிய ஒன்றும் இவனிடம் இருப்பதில்லை. தமிழ்நாடு அளித்தது கருணை என்பதில் ஐயமில்லை. கருணை உரிமையன்று என்பதிலும் ஐயமில்லை.

2025-இல் நிலைமை ஒருபடி நகர்ந்தது. பழைய அயல்நாட்டவர் சட்டத்தையும் அதன் துணைச் சட்டங்களையும் நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமை பற்றிய விதிகளிலிருந்து விடுவித்தது. சட்டவிரோதக் குடியேறி என்னும் பட்டத்தின் கூர்மை இதனால் மழுங்கியது, வரவேற்கத்தக்க செயல். ஆயினும் அதே ஆணையின் மற்றொரு பிரிவோடு இதை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகியவற்றிலிருந்து 2024 டிசம்பர் 31 வரை வந்த ஆறு சமயத்தாரைப் பற்றிப் பேசும்போது, சமயக் கொடுமையாலோ அதன் அச்சத்தாலோ தஞ்சம் தேடும் கட்டாயத்துக்கு ஆளானோர் என்று ஆணை காரணத்தைக் கூறுகிறது. ஈழத் தமிழர் பற்றிய வரியில் நாள் இருக்கிறது, பதிவு இருக்கிறது, காரணம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடம் இல்லாமற்போனதும் இதனோடு தொடர்புடையதே. காரணம் ஏற்கப்பட்டவர் குடியுரிமையை நோக்கி நகர்கிறார். நாள் மட்டும் ஏற்கப்பட்டவர் முகாமிலேயே தங்குகிறார். 2025 மே மாதம், தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தம்மை நாடுகடத்தலாகாது என்று கோரியபோது, எல்லோரையும் ஏற்க இந்தியா ஒரு சத்திரமன்று என்னும் பொருள்பட உச்ச நீதிமன்றம் கூறியது. சத்திரத்தில் தங்க வருபவரை எவரும் காரணம் கேட்பதில்லை. நீதிமன்றத்தில் நிற்பவர் கேட்பது, தம் காரணத்தைக் கேளுங்கள் என்பதே.

இது கடந்தகாலக் கணக்கு மட்டுமன்று. மியான்மரின் இராணுவ அரசு, 2010-இல் எழுதி வைத்து நடைமுறைப்படுத்தாதிருந்த மக்கள் படைப்பணிச் சட்டத்தை 2024 பிப்ரவரி 10 அன்று செயலுக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களும் 18 முதல் 27 வரையுள்ள பெண்களும் அதற்கு உட்பட்டனர். அறிவிப்பைத் தொடர்ந்து கடவுச்சீட்டு அலுவலகங்களிலும் யாங்கோனில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்திலும் இளைஞர் திரண்டனர். அதற்கு இரண்டே நாள் முன்பு, பிப்ரவரி 8 அன்று, இந்திய–மியான்மர் எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை மக்கள் தடையின்றிச் சென்றுவர இடமளித்த ஏற்பாட்டை நீக்குவதாக இந்திய உள்துறை அறிவித்திருந்தது. மிசோரம் மாநில அரசு ஒன்றிய அரசின் விருப்பத்துக்கு மாறாக, மியான்மரிலிருந்து வந்த சின் இனத்தாரைத் தொடர்ந்து ஏற்றது. காரணம் சட்டமன்று, உறவு. 1983-இல் ஈழத் தமிழரை ஏற்றுத் தமிழ்நாடு செய்ததும் அதுவே. உறவு இல்லாத எல்லையில் வந்து நிற்கும் இளைஞனுக்கு எவர் கதவு திறப்பர் என்னும் வினா எஞ்சுகிறது. மறுபுறம், படைமுகாம்களை விட்டு மிசோரத்துக்குள் ஓடிவந்த மியான்மர்ச் சிப்பாய்கள் சில நூறு பேரை 2023-இலும் 2024-இலும் இந்தியா விமானமேற்றித் திருப்பி அனுப்பியது. அவர்களுள் திரும்ப விரும்பாதவர் எவரேனும் உளரா என்று கேட்டறியும் கடமை எந்தச் சட்டத்தாலும் எவர்மீதும் சுமத்தப்படவில்லை.

வேண்டுவது புகலிடச் சட்டம். முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதியின் பெயரால் அறியப்படும் மாதிரிச் சட்டம் 1990-களின் இறுதியிலிருந்தே உள்ளது. சசி தரூர் 2022-இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக, அதாவது அரசின் சார்பிலன்றி உறுப்பினர் ஒருவரின் பொறுப்பில், ஒரு வரைவைக் கொண்டுவந்தார். இனி வரும் எந்த வரைவிலும், அரசல்லாத படையின் கட்டாயச் சேர்ப்புக்குத் தப்பியவரிடம் அரசியல் கருத்துக்கோ மனச்சான்றுக்கோ சான்று கேட்கலாகாது என்றும், கட்டாயப் பயிற்சியில் இருந்தது மட்டுமே ஒருவரைத் தஞ்சத்திலிருந்து விலக்கக் காரணமாகாது என்றும் இரு விதிகள் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். சட்டம் வரும்வரை மாநில அரசு தன் அதிகாரத்துக்குட்பட்ட ஒன்றைச் செய்யலாம். மறுவாழ்வுத் துறையின் ஆணையரகம், முகாம் குடும்பங்களிடம், அவர்கள் ஊரைவிட்ட காரணத்தைக் காவல்துறையின் துணையின்றி, வழக்குக்குப் பயன்படாது என்னும் எழுத்துறுதியோடு கேட்டுப் பதிவு செய்யத் தொடங்க வேண்டும். குடியுரிமைக்கான எந்தக் கோரிக்கைக்கும் நாளைக்கு அதுவே முதல் ஆவணமாகும். அப்பணியைக் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உடனே தொடங்குவது நலம்; 1990-இல் இருபது வயதில் வந்திறங்கியவர் இன்று ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டார், அவரை மறைத்துவைத்து அனுப்பிய பெற்றோருள் பலர் இப்போது இல்லை.